பதினோராயிரம் ஃபாலோயர் இருக்கும்போது வெப்சைட் எதற்கு?

கேட்டிருப்பவர் மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி. மாமனார் வைத்திருக்கும் பெட்டிகளில் எடுக்கும் தேன், தெரிந்த வீடுகளில் வாங்கும் கருப்பட்டி, வீட்டிலேயே போடும் நேந்திரங்காய்ச் சிப்ஸ், இவைதான் வியாபாரம். இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. வெப்சைட் செய்து தர ஒருவர் 45,000 ரூபாய் கேட்கிறாராம். "அண்ணே, இது நமக்கு உள்ளபடியே வேணுமா, இல்ல சும்மா பந்தாவா?" என்கிறார்.

வேணும் தங்கச்சி. ஆனால் 45,000 ரூபாய்க்கு வேண்டாம். நான் நாகர்கோவிலில் பதினைந்து வருடமாகச் சின்னக் கடைகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்துப் பிழைப்பவன். 'வேணும்' என்று சொன்னால் எனக்கு லாபம். அதையும் மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

வேண்டாதவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தோவாளைச் சந்தையில் மொத்தமாகப் பூ விற்பவருக்கு வெப்சைட் தேவையில்லை. பிச்சிக்கும் மல்லிக்கும் விடியற்காலை ஒரு விலை, வெயில் ஏறினால் இன்னொரு விலை. வாங்குகிறவர்கள் வருடக்கணக்கில் பழகியவர்கள். ஓணத்துக்குக் கேரளத்திலிருந்து வருகிற வியாபாரியும் கையில் போன் நம்பரோடுதான் வருகிறார். குளச்சலில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் அக்காவுக்கும் தேவையில்லை. அவர் குரல் கேட்டாலே சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இவர்களிடம் வாங்குகிறவர்கள் எல்லோரும் இவர்களைத் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து இவர்களைத் தேடப்போவதில்லை.

உங்கள் சரக்கு அப்படியில்லை. மார்த்தாண்டம் தேன் என்பது உங்கள் கடைக்கு வெகு முன்பே ஊரறிந்த பெயர். 1920களில் ஒய்எம்சிஏ இங்கே கிராம மறுசீரமைப்பு வேலையைத் தொடங்கியபோது விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த உபதொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. 2023ல் அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆக, கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருக்கும் ஒருவர் கூகுளில் 'மார்த்தாண்டம் தேன்' என்று தேடுகிறார். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்கள் இன்ஸ்டா கணக்கின் பெயரும் தெரியாது. அவர் தேடும் சொல்லுக்குப் பதிலாக உங்களுடைய ஒரு பக்கம் கூகுளில் வந்து நிற்கிறதா? இதைத்தான் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் 11,000 பேரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு ரீல்ஸ் பிடித்துப்போய்ப் பின்தொடர்ந்தவர்கள். மாமனார் புகை போட்டு அடையை எடுக்கும் வீடியோவைப் பார்த்து இதயம் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்கு இன்றைக்குத் தேன் வேண்டும் என்றில்லை. தேடி வருகிறவர் வேறு ஆள். அவர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார், யாரிடம் வாங்குவது என்பதுதான் பாக்கி. ரீல்ஸ் பார்த்த ஆயிரம் பேரை விடத் தேடி வந்த பத்துப் பேர் எனக்குப் பெரிது.

இன்ஸ்டாவில் போடுவதற்கும் வெப்சைட்டில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பூவையும் தேனையும் வைத்துச் சொல்வது எனக்குப் பழக்கம். ஸ்டேட்டஸ் என்பது தோவாளைப் பிச்சி. வாசம் தூக்கும், கூட்டம் கூடும், ஆனால் அன்றன்றைக்கு விற்க வேண்டும். 24 மணி நேரம் ஆனால் ஸ்டேட்டஸ் தானாகப் போய்விடும். ரீல்ஸ் இரண்டு நாள், போனால் ஒரு வாரம் ஓடும். மறுபடி புதிதாகத் தொடுக்க வேண்டும். வெப்சைட்டில் எழுதிய ஒரு பக்கம் தேன்மாதிரி, கெடாது. மூன்று வருடத்துக்கு முன் எழுதியதை இன்றைக்கும் ஒருவர் தேடி வந்து படிப்பார்.

ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன், உங்கள் தொழிலிலிருந்தே. பாட்டிலில் தேன் உறைந்துபோனால் வாங்கியவர் உடனே போட்டோ எடுத்து அனுப்புவார்: "சர்க்கரை கலந்திருக்கீங்களா?" வருடத்தில் எத்தனை முறை இதற்குப் பதில் அடித்திருப்பீர்கள்? நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தை, மாசியில் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது. தேனீ அதைத்தான் எடுக்கிறது, பூவிலிருந்து அல்ல. தேனிலுள்ள குளுக்கோஸ் பிரிந்து படிகமாவதுதான் உறைவது. பாட்டிலைக் கை பொறுக்கும் வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். தண்ணீர் டம்ளரில் சொட்டு விட்டுப் பார்ப்பதும், தீக்குச்சியைத் தேனில் முக்கிக் கொளுத்துவதும் சுத்தத்துக்குச் சோதனையே அல்ல. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில்கூட வைக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரே பக்கத்தில், உங்கள் பெட்டிகளின் நாலு படத்தோடு எழுதி வையுங்கள். கேட்கிறவருக்கு அந்த லிங்க்கை அனுப்பினால் போதும். கேட்காமலே 'தேன் ஏன் உறைகிறது' என்று தேடுகிறவரும் அங்கே வந்து சேருவார். இவ்வளவு விவரமாகச் சொல்கிறவரிடம் வாங்கலாமே என்று அவருக்குத் தோன்றும். இதே விவரத்தை இன்ஸ்டாவில் படத்துக்குக் கீழே எழுதினால் பாதியில் மடிந்துவிடும். அங்கே போடுகிற லிங்க்கைத் தொட்டாலும் திறக்காது. கணக்கு இல்லாதவர் பார்க்க வந்தால் கொஞ்ச நேரத்திலேயே 'லாகின் செய்' என்று வாசலை மறித்துவிடும். தேன் வாங்குகிற வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு இன்ஸ்டா கணக்கு இருக்கிறது?

அடுத்து, இந்த இடங்கள் யார் கையில் இருக்கின்றன என்பது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. அதில் மட்டும் கடை விரித்திருந்தவர்களுக்கு மறுநாள் காலையில் கடை இல்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்தன. பராமரிப்பு வேலையில் நடந்த ஒரு பிழையால் இணையத்தில் அவற்றின் முகவரியே காணாமல் போய், சுமார் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் திரும்பின. மூன்றும் ஒரே கம்பெனியுடையவை. 'இன்ஸ்டா போனால் வாட்ஸ்அப் இருக்கிறதே' என்று நினைப்பது ஒரே கொப்பில் இரண்டு ஊஞ்சல் கட்டுவது போலத்தான்.

இந்தத் தடை, முடக்கமெல்லாம் அபூர்வம் என்பீர்கள். சரி. அடிக்கடி நடப்பது வேறு. வடசேரியில் கோயில் நகை செய்யும் ஒரு பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரிய சந்திரப் பிறை, ஒட்டியாணம் எல்லாம் பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்காக. அரங்கேற்றத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வரும். எல்லாப் படமும், எல்லா உரையாடலும் ஒரு சமூக வலைத்தளக் கணக்கில். ஒருநாள் 'உங்கள் பதிவில் காப்புரிமை மீறல், 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் பதில் தராவிட்டால் கணக்கு முடக்கப்படும்' என்று செய்தி. பதறிப்போய் அதில் பாஸ்வேர்டை அடித்துவிட்டார். அது திருடர் அனுப்பியது. கணக்கு போயிற்று. ஆறு வருடப் படங்கள், எந்தப் பிள்ளைக்கு இடுப்பு அளவு என்ன என்ற குறிப்பு, முன்பணம் கொடுத்தவர்களின் செய்திகள், எல்லாம் அதோடு போயின. முறையிட்டு எழுதிய கடிதங்களுக்கு வந்ததெல்லாம் இயந்திரம் எழுதிய பதில். பணத்தை விட, முன்பணம் கொடுத்தவர்கள் தன்னைத் திருடன் என்று நினைத்திருப்பார்களே என்பதுதான் அவருக்குத் தீராத சங்கடம். தன் பெயரில் ஒரு வெப்சைட் இருந்திருந்தால் அவர்கள் அங்கே வந்து நம்பரைப் பார்த்து அழைத்திருப்பார்கள். இப்போது வைத்திருக்கிறார்.

வெப்சைட்டும் திருட்டுப் போகாதா என்றால், போகும். ஆனால் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில் பதிவாகி, பக்கங்களின் நகல் உங்கள் கையிலும் இருந்தால், பக்கங்களை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றி அதே முகவரியில் மறுநாளே நிறுத்திவிடலாம். ஃபாலோயரை அப்படி மூட்டை கட்டி இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இலவச வெப்சைட் என்று சொல்லிக் கிடைப்பதெல்லாம் உங்களுடையது ஆகாது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்குக் கூகுளே ஒரு பக்க வெப்சைட் இலவசமாகக் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்தவர்கள் அச்சடித்ததுதான் மிச்சம். பின்னால் வேறொருவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் முகவரியை லேபிளில் போடாதீர்கள். டொமைனை வாங்குங்கள். டாட் இன் அல்லது டாட் காம், வருடத்துக்கு ஏறத்தாழ 700லிருந்து 1,500 ரூபாய்க்குள் முடியும். முதல் வருடம் 99 ரூபாய் என்று கூவுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் வருட விலையை.

டொமைனை யார் பெயரில் வாங்குவது என்பதில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் வாடிக்கையாளர்களின் டொமைன்களை எல்லாம் வசதிக்காக என் கணக்கிலேயே, என் மின்னஞ்சலிலேயே வாங்கிவிடுவேன். ஒரு வருடம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் எனக்குத்தான் வந்தது, நான் பார்க்கவில்லை. கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜின் வெப்சைட் சபரிமலை சீசனில், ஐயப்ப பக்தர்கள் திரளும் நேரத்தில், ஒன்பது நாள் படுத்துக் கிடந்தது. தாமதக் கட்டணம் சேர்த்துக் கட்டித்தான் மீட்டேன். பணம் நான் போட்டேன், சீசன் அவருக்குப் போனது போனதுதான். அந்த லாட்ஜ்காரர் திட்டவில்லை. "எனக்க பேருல இருந்தா எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும் இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு யார் டொமைனையும் என் பெயரில் வாங்கியதில்லை.

ஆகவே அந்த 45,000 ரூபாய்க்காரரிடம் கேளுங்கள்: டொமைன் யார் மின்னஞ்சலில் பதிவாகும், பாஸ்வேர்ட் என் கையில் இருக்குமா, அடுத்த வருடம் எவ்வளவு, உங்களை விட்டு விலகினால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாமா. பதிலில் இழுப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். பூட்டுச் சின்னம் வருவதற்கான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பில் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, நல்ல ஹோஸ்டிங் கம்பெனிகள் அதைத் தாமாகவே போட்டுக்கொடுக்கும். வெப்சைட் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளும் இலவசம். ஹோஸ்டிங்குக்கு வருடம் இரண்டாயிரம், மூவாயிரம். ஐந்து பக்கத்துக்கு வேலைக்கூலி எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு மேல் நான் வாங்குவதில்லை. கைக்கு வேகமுள்ள காலேஜ் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவும் மிச்சம்.

அந்த விலைப்பட்டியலில் ஷாப்பிங் கார்ட், வெப்சைட்டிலேயே பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே, ஆப் என்றெல்லாம் இருக்கும். இப்போது வேண்டாம். கேட்வே வைத்தால் ஒவ்வொரு விற்பனையிலும் பெரும்பாலும் இரண்டு சதவீதம் அளவுக்குப் பிடிப்பார்கள், கணக்கு ஒப்பிடும் வேலையும் சேரும். விலைப் பக்கத்தில் பொருளுக்குப் பக்கத்திலேயே வாட்ஸ்அப் பட்டன் ஒன்று வையுங்கள். தொட்டால் 'அரை கிலோ ரப்பர் தேன் வேண்டும்' என்று எழுதிய நிலையில் உங்கள் நம்பருக்குத் திறக்கட்டும். பணம் யூபிஐயில் வரட்டும். நாளொன்றுக்கு இருபது, முப்பது ஆர்டர் வந்து கை ஓயும் காலத்தில் கார்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

பெயரைப் பற்றி ஒரு குட்டிப் பிரச்சினை. 'தேன்' என்பதை ஆங்கில எழுத்தில் சாதாரணமாக எழுதினால் 'அப்புறம்' என்ற ஆங்கிலச் சொல்லாகிவிடும். 'ழ' வந்தால் அது இன்னும் சிக்கல். குழித்துறையை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நினைத்திருக்கும் பெயரைப் போனில் நாகர்கோவிலில் ஒருவருக்கும் திருவனந்தபுரத்தில் ஒருவருக்கும் ஒருமுறை மட்டும் சொல்லி, அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் ஒரே மாதிரி அடித்தால் வாங்குங்கள். அதே பெயரை இன்ஸ்டாவுக்கும் வைத்துவிடலாம்.

திருவனந்தபுரம் என்றதும் நினைவு வருகிறது. நம் மாவட்டத்துக்கு உள்ள வசதி இது: களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. வீட்டில் யாருக்காவது மலையாளம் எழுத வரும். ஒரு பக்கம் மலையாளத்தில், ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில் என வையுங்கள். மூன்று மொழியில் ரீல்ஸ் பேசினால் பார்ப்பவர் குழம்பிப் போவார். வெப்சைட்டில் அவரவர் மொழியில் தேடியவர் அவரவர் பக்கத்துக்குப் போய்விடுவார். ஆனால் அந்த எல்லை வரித்துறைக்கும் எல்லைதான். வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். இது வெப்சைட்டால் வருவதல்ல, இப்போது வாட்ஸ்அப்பில் பாறசாலைக்கு அனுப்புவதற்கும் பொருந்தும். உங்கள் பொருள்களில் எதற்கு வரி, எதற்கு இல்லை என்று கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும், வெப்சைட்டிலும் போடுங்கள். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகள் விற்பவரின் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒரு ஆள், திருப்பி எடுக்கும் முறை ஆகியவற்றைக் காட்டச் சொல்கின்றன. புவிசார் குறியீட்டின் சின்னத்தை மட்டும் அவசரப்பட்டு ஒட்டிவிடாதீர்கள். அதற்குத் தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும்.

ஐந்து பக்கத்தில் என்ன எழுதுவது? விலை, தொடர்பு, எப்படி அனுப்புவோம் என்பவை நாலு நாலு வரி. உறையும் தேன் பற்றிய பக்கத்தை மேலே சொல்லிவிட்டேன். மிச்சம் ஒன்று, உங்கள் குடும்பத்தைப் பற்றியது. பலர் அங்கே 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று எழுதி வீணாக்குவார்கள். மாமனாரைக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து நம் பக்கத்துத் தேனீப் பெட்டிகள் கூட்டம் கூட்டமாகக் காலியான காலம் அவருக்கு நினைவிருக்கும். எத்தனை பெட்டி போயிற்று, மறுபடி எங்கிருந்து கூட்டம் பிடித்தார், இப்போது எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் பெட்டி வைக்கிறார் என்று அவர் பேசுகிறபடியே எழுதுங்கள். அதை இன்னொரு தேன் கடைக்காரர் திருடி எழுத முடியாது. அவர் படம் இருக்கட்டும். இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் மஞ்சள் பூ, மரக்கரண்டி படமெல்லாம் வேண்டாம்.

இன்ஸ்டாவை விடச் சொல்லவில்லை, தெரியுமல்லவா? ரீல்ஸ் போடுங்கள், ஆளைக் கூட்டி வருவது அதுதான். சுயவிவரத்தில் வெப்சைட் லிங்க் இருக்கட்டும், வீடியோவிலும் வாயால் சொல்லுங்கள். வாங்கியவர்களின் பெயர், ஊர், நம்பர் எல்லாம் செயலிக்குள் மட்டும் கிடக்க விடாமல், அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ எழுதி வையுங்கள். இன்ஸ்டா, வாட்ஸ்அப் இரண்டு கணக்குக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) போட்டுக்கொள்ளுங்கள். ஓடிபி கேட்டு யார் பேசினாலும் சொல்லாதீர்கள், அது 'கம்பெனியிலிருந்து' என்றாலும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் காசில்லாத ஒரு வேலை உண்டு. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, குத்தூசி சரியான சந்தில் விழுந்திருக்கிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். மெயின் ரோட்டில் விழுந்துவிட்டால் வருகிறவர் பக்கத்துப் பேக்கரியில் விசாரித்து, அங்கேயே தேன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதை முடித்துவிட்டு, நினைத்திருக்கும் பெயரை எழுத்துக்கூட்டி எனக்கு அனுப்புங்கள். வாங்குமுன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம், தேன் உறையாததாக ஒரு பாட்டில் போதும்.